பத்துக்குள் ஒரு நம்பர்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், மேஸ்திரியின் கால் நகங்களை வெட்டுவது அவர் மனைவியின் வேலை. பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, சின்ன முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாற்காலியில் சாய்ந்திருக்கும் மனிதரின் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். முப்பது வருஷம் சிமென்ட் பாலில் ஊறிய பாதம். கட்டைவிரல் நகம் கிளிஞ்சல் மாதிரித் தடித்திருக்கும். சாதாரண நகவெட்டி அதனிடம் பல்லை உடைத்துக்கொள்ளும் என்பதால், மருந்துக்கடையில் பெரிய சைஸில் ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

"ஆடாதீங்க."

"நான் எங்க ஆடுறேன்? நீ கூசுற மாதிரி பிடிக்கிற."

"கைக்குழந்தைக்கு வெட்டுறதே மேல். அது உதைக்கும், ஆனா வாய் பேசாது."

"அதுக்குப் பேச வராது. வந்தா அதுவும் இதைத்தான் சொல்லும்."

அவருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனபோது, மூன்று மாதம் குனியவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு அவள் கைக்கு வந்த வேலை இது. நாளையோடு ஒரு வருஷம். வீட்டுக்குள் நடப்பது, படியேறுவது, கடைக்குப் போய் வருவது எல்லாம் வந்துவிட்டது. நகம் மட்டும் அவள் பொறுப்பிலேயே நின்றுவிட்டது.

சுண்டுவிரலுக்கு வந்தபோது தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"முதுகு எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

சாப்பாட்டுக்கும் பரவாயில்லை, மழைக்கும் பரவாயில்லை, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கும் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர், வீட்டில் கேட்டபோது இவளைப் பற்றிச் சொன்னதும் அதேதானாம். நாத்தனார் ஒருத்தி இதைப் பத்து வருஷம் கழித்து வாய்தவறிச் சொல்லி, அதற்குத் தனியாக ஒரு சண்டை நடந்தது. மற்ற நேரத்தில் அவளுக்கு இது பழகிப்போன சொல்தான். முதுகு விஷயத்தில் மட்டும் பொறுக்க முடியவில்லை. ஊரார் வலியை எல்லாம் எண்ணாக வாங்கி எழுதுகிறவள் அவள். சொந்த வீட்டில் ஒரு எண்ணுக்கு வழியில்லை.

மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் பத்துக்குள்ளம்மா. முதுகெலும்புப் பிரிவில் ஆபரேஷன் முடிந்து போனவர்களை ஆறாவது வாரம், ஆறாவது மாதம், ஒரு வருஷம் என்று மூன்று தடவை போனில் கூப்பிட்டுப் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். முதல் கேள்வி, "பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. உங்கள் முதுகுவலி பத்துக்குள் எவ்வளவு?" பன்னிரண்டு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லிப் பெயரே அதுவாகிவிட்டது. "என்ன பத்துக்குள்ளம்மா, இன்னைக்கு மழை பத்துக்குள்ள எவ்வளவு?" என்பார் லிஃப்ட்காரர். "மழை மூணு, உங்க பேச்சு ஒன்பது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவாள்.

முதலில் சேர்ந்தது துணிக்கிடங்கில். விரிப்பு எத்தனை போச்சு, எத்தனை வந்தது என்று எண்ணி அடுக்குகிற வேலை. அப்போதெல்லாம் நோயாளிகளைக் கூப்பிட்டுக் கேட்பது பயிற்சி டாக்டர்கள். டாக்டர் கேட்டால் யார் குறை சொல்வார்கள்? "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் டாக்டர்" என்று எல்லோரும் சொல்லிவைக்க, ஏட்டைப் பார்த்தால் வந்த அத்தனை பேரும் குணம். பெரிய டாக்டர் சந்தேகக்காரர். "இவ்வளவு நல்லா நான் ஆபரேஷன் பண்றதில்லையே" என்றாராம். ஒருநாள் வெள்ளைக் கோட்டு வாங்கக் கிடங்குக்கு வந்தவர், ஒரு பழைய நோயாளி போனில் இவளோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். வார்டில் விட்டுப்போன போர்வையில் தொடங்கிய பேச்சு, உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு சுளுக்கிப் பிடிப்பது வரைக்கும் வந்திருந்தது. அதே ஆள் முந்தின வாரம் பெரிய டாக்டரிடம் தான் குதிரை மாதிரி இருப்பதாகச் சொன்னவர். அடுத்த மாதமே அவளுக்கு மேஜையும் போனும் வந்தன.

அறை என்று சொன்னால் அறைக்குக் கோபம் வரும். உடைந்த சக்கர நாற்காலிகள் போட்டுவைத்த இடம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். அதில் அவள் கைப்பையும் குடையும் சவாரி செய்யும். பக்கத்தில் ஃபைல் அறை. அதைக் காக்கிறவரை எல்லோரும் ஃபைல் அண்ணன் என்பார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்த அவளும்.

பெரிய டாக்டர் நான்கு விஷயம் சொல்லிக் கொடுத்தார். எழுதியிருக்கிறதை மட்டும் படிக்கணும். ஐயோ பாவம் என்று சொல்லக் கூடாது. எண்ணை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கணும். முதல் மூன்றும் ஒரு வாரத்தில் வந்தன. நாலாவதற்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் முதுகெலும்பைக் கரைத்துக் குடித்திருந்தாள். டாக்டர்கள் படத்தில் பார்ப்பது ஒன்று, இவள் காதில் விழுவது வேறு. ஒரு வண்டியோட்டி, "வலி பூஜ்யம்ங்க" என்று சொல்லிவிட்டு, "திருப்தியில்லைன்னு போடுங்க" என்றார். பாதம் மரத்துப்போனது திரும்பிவிடும் என்று எண்ணி வந்தாராம், திரும்பவில்லை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு வலி ஆறு. அவரோ "ரொம்ப ரொம்பத் திருப்தி" என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டவும் சொன்னார். ஆபரேஷனுக்கு முன் மருமகள் பிடித்துக்கொள்ளாமல் கழிப்பறைக்குப் போக முடியாதாம், இப்போது தானே போய்வருகிறாராம். "பத்துக்குள்ள எதுக்கும்மா, என்னுது பன்னெண்டு" என்று சண்டை போட்டவர் ஒருவர். ஒரு வீட்டில் கணவர் "ரெண்டு" என்கிறபோதே மனைவி போனைப் பிடுங்கி, "ரெண்டா? நேத்து சட்டை மாட்டுறதுக்கு அழுத அழுகையைக் கேட்டிருக்கணும் நீங்க" என்றாள். "அவர்கிட்டயே குடுங்கம்மா" என்று பொறுமையாகச் சொல்லி, ரெண்டையே எழுதினாள். அவரவர் வலிக்கு அவரவர் சொல்கிற எண்தான் கணக்கு.

என்ன நினைத்து உள்ளே போனார்களோ, அதை வைத்துத்தான் வெளியே வந்து அளக்கிறார்கள். இது அவளுக்கு மனப்பாடம். வார்டில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஆபரேஷன் முடிஞ்சா நான் மூட்டை தூக்கலாமா? வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க. இதே கேள்வியை டாக்டர்கிட்ட கேளுங்க, கேட்காம கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்புவாள்.

சொந்த விஷயத்தில்தான் புத்தி புல் மேயப் போயிற்று.

மேஸ்திரி தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, குந்தி உட்கார்ந்தபடியே அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நகர்ந்து போவார். ஒட்டி முடித்த ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். அடியில் எங்காவது காற்று நின்றிருந்தால் பொள்ளல் சத்தம் வரும், அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் அவர் பார்ப்பது தரையை. சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு கல்லையாவது தட்டிப் பார்த்துவிடுவார். "மனுஷங்க முகத்தைப் பாருங்க" என்று இவள் முழங்கையால் இடிப்பாள்.

ஐம்பத்திரண்டு வயதில் இடது இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் மின்சாரம் அடித்த மாதிரி ஓட ஆரம்பித்தது. இடுப்புப்பட்டை, தைலம், மாத்திரை, பயிற்சி, ஊசி என்று ஒன்றரை வருஷம் போயிற்று. கடைசியில் பத்து எட்டு நடந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருநாள் தெருவில் செருப்பு காலைவிட்டுக் கழன்று பின்னால் கிடக்க, தெரியாமலே வீடு வரைக்கும் நடந்து வந்துவிட்டார். செருப்பைப் பின்னாலேயே எடுத்து வந்தது தபால்காரர். கால் இப்படி உணர்வில்லாமல் விழுகிறது என்றால் நரம்பு செயலிழக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவர் கத்திக்குப் பயந்தார். பயம் என்று சொல்லவில்லை, "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்றார். அவள் விடவில்லை. ஒரு மாதம் காலையும் மாலையும் அதே பேச்சு. "பத்துப் பேர்ல எட்டுப் பேர் திருப்தின்னு சொல்றாங்க. யாரோ சொல்லி நான் சொல்லலை, என் கையாலேயே எழுதுறேன்." கடைசியில் ஒருநாள் அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "நீ சொன்னா சரி" என்றார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, லிஃப்டுக்குக் காத்திருந்த அந்த இரண்டு நிமிஷத்தில், ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்தவர் அவள் புறங்கையைத் தொட்டுக் கேட்டார்.

"அப்புறம் நான் குந்தி உக்காரலாம்ல?"

ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில் வாயில் தயாராக இருந்தது. முதுகெலும்பை அசையாமல் பிணைக்க இரண்டு திருகாணி, ஒரு கம்பி என்று எழுதியிருந்த தாளையும் அவள் படித்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள்.

"உக்காரலாம்" என்றாள். "ஆறே மாசம். பழையபடி."

மறுநாளே காலில் ஓடின மின்சாரம் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் வராண்டாவில் நடந்தார். கழன்ற செருப்பு காலில் நின்றது. அவள் வார்டு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தாள். பெரிய டாக்டருக்கும் ஒன்று போயிற்று.

ஐந்தாவது மாதம், யாரிடமும் சொல்லாமல், மேஸ்திரி கருவிப்பையை எடுத்துக்கொண்டு ஒரு கட்டிடத்துக்குப் போனார். சின்னக் குளியலறை, அரை நாள் வேலை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தார். மூன்று கல் ஒட்டினார். நாலாவது கல்லுக்கு இடுப்பு இறுகிக்கொண்டது. எழ முடியவில்லை. ஈரச் சிமென்டிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பெயின்ட் அடிக்க வந்த இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். இதை அவளுக்குச் சொன்னதும் அந்தப் பெயின்டர்களில் ஒருவன்தான். மேஸ்திரி தன் வாயால் சொன்னது, "அந்த வேலை எனக்கு ஒத்துவரலை, விட்டுட்டேன்" என்பதோடு சரி. கருவிப்பை அலமாரி மேலே ஏறியது. அடுத்த மாதம் பெரிய தெருவிலிருந்த டைல்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வருகிறவர்களின் அறை அளவைக் கேட்டு எத்தனை பெட்டி வேண்டும் என்று சொல்ல வேண்டும், எந்தக் கல் வழுக்கும், எந்தக் கல் கறை பிடிக்கும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். முதலாளிக்கு ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. விலை குறைந்த கல்லையே போதும் என்று இவர் சிபாரிசு செய்வதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டில் வழக்கம்போலத்தான் இருந்தார். முகம் சுளிக்கவில்லை, குத்திக்காட்டவில்லை. அதுதான் அவளைத் தின்றது. ஒரு தடவை கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், தீர்ந்திருக்கும். நான் இழுத்துக்கொண்டு போனது சரியா, தப்பா என்று ஒரு வருஷமாக ஒரு பரவாயில்லைக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் அன்றைய பட்டியலில் ஏழு பேர். ஐந்தாவது அவர்.

சொந்தக்காரர்களை அவள் கூப்பிடக் கூடாது என்பது விதி. முந்தின இரண்டு தடவையும் ஃபைல் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பதிலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் தடவையும் அவரிடம் போனாள்.

"அண்ணே, இன்னைக்கு எங்க வீட்டுக்காரரு."

"போன தடவை மாதிரியே போட்டுடட்டுமா அக்கா?"

"போன தடவை மாதிரின்னா?"

"எதைக் கேட்டாலும் பரவாயில்லைன்னாரு. பரவாயில்லைக்கு நம்பர் ஏது? எல்லாத்துலயும் அஞ்சு போட்டுட்டேன். நடுவுல போட்டா யாருக்கும் மனஸ்தாபம் வராது பாருங்க."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்தான். ஒரே ஆளுக்கு ஒரே நியாயம்."

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒரு மனுஷனின் ஒரு வருஷம் முழுக்க அஞ்சு அஞ்சாக நிற்கிறது. இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டு வாங்குங்கள் என்று பக்கத்தில் நின்று கூப்பிட வைத்தாள். ஃபைல் அண்ணன் காதில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை "சரிங்க" என்றார், ஒரு தடவை சிரித்தார், வைத்துவிட்டார்.

"உங்களைத்தான் கூப்பிடச் சொல்றாரு."

"என்னையா?"

"'எல்லாருக்கும் பத்துக்குள்ளம்மா பேசுறாங்களாமே, நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்'ங்கறாரு. பதினோரு மணிக்கு டீ நேரமாம். அப்போ எடுப்பாராம்."

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள், ஃபைல் அண்ணன் அஞ்சு போட்ட கதையையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "நீங்களே கூப்பிடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா ஒரு வார்த்தை கூடக் கூடாது, குறையக் கூடாது. அவர் நோயாளி, நீங்க ஆபீஸ்."

பதினோரு மணிக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டாள்.

"வணக்கம். முதுகெலும்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன். உங்கள் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. பத்துக் கேள்விகள் கேட்க வேண்டும். பேச நேரம் இருக்கிறதா?"

"இருக்குங்க மேடம். ஒரு நிமிஷம், வெளிய வந்துடறேன்." கடைக் கதவு திறக்கிற சத்தம், தெருவில் ஒரு லாரி. "சொல்லுங்க. உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

ஃபைல் அண்ணன் கதவோரம் நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் காலாலேயே கதவைச் சாத்தினாள்.

"பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. கடந்த ஒரு வாரத்தில் உங்கள் முதுகுவலி பத்துக்குள் எவ்வளவு?"

"காலையிலயா, சாயங்காலமா?"

"ஒரு வாரத்தையும் சேர்த்து, பொதுவாக."

அவர் யோசித்தார். டைல் அளக்கிறபோது இப்படித்தான் யோசிப்பார்.

"ஆறு."

அவள் நினைத்திருந்தது இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஆறு என்று அடித்தாள்.

"கால்வலி?"

"பூஜ்யம். சுத்தமாப் போச்சு. அதுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்."

எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? மார்க்கெட் வரைக்கும். எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது? நாற்காலியில் என்றால் ஒரு மணி. நிற்க? அரை மணிக்கு மேல் நின்றால் ஏதாவது கல்லைக் காட்டுகிற சாக்கில் மேஜையில் சாய்ந்துகொள்வாராம், வாடிக்கையாளருக்குத் தெரியாதாம்.

"வலியால் தூக்கம் கெடுகிறதா?"

"மூணு தடவை முழிப்பு வரும். புரண்டு படுத்தா சரியாயிடும். மெதுவாத்தான் புரளுவேன். பக்கத்துல படுத்திருக்கிறவங்க பகல் முழுக்கப் பேசிப் பேசி அலுத்து வர்றவங்க, அவங்க தூக்கம் எதுக்குக் கெடணும்?"

ஐயோ பாவம் என்று சொல்லக் கூடாது. அவள் சொல்லவில்லை. அடுத்த கேள்வியைப் படிக்க மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"குனிந்து உங்கள் பாதத்தைத் தொட முடிகிறதா? காலுறை போடுவது, நகம் வெட்டுவது போன்றவை."

"முடியுதுங்க."

"முடியுதா?" எழுதாத கேள்வி வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"ஆறேழு மாசமா முடியுது. நாற்காலியில உக்காந்து காலை இப்படித் தூக்கி வச்சுக்கிட்டா போதும். ஆனா நகம் வெட்ட வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க. ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் எங்கயும் ஓடாம ஒரே இடத்துல உக்காந்திருப்பாங்க. அதனால நான் ஒண்ணும் சொல்லலை."

'உதவியின்றி முடியும்' என்ற கட்டத்தில் குறியிட்டாள். ஏமாற்றுக்காரர் என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதிலும் இட்டிருப்பாள்.

"உங்கள் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டீர்களா? முழுமையாக, பகுதியாக, இல்லை."

"இல்லை."

"சிகிச்சையின் பலனில் உங்களுக்குத் திருப்தியா? மிகவும் திருப்தி, திருப்தி, ஓரளவு, திருப்தியில்லை."

"டாக்டர் கைவேலை சுத்தம் மேடம். ஒரு பொள்ளல் கிடையாது. ஆனா பாருங்க, நான் ஒரு வீட்டுல தரை போடறேன், மட்டம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. அந்த வீட்டுக்காரங்க கேட்ட கல்லு வேற. அப்போ நான் நல்லாத்தானே போட்டிருக்கேன்னு சொல்லி என்ன புண்ணியம்? ஓரளவுன்னு போட்டுக்கோங்க."

ஓரளவு. பத்தாவது கேள்வியை அவள் பார்க்காமலே சொல்லுவாள். அன்றைக்குத் திரையைப் பார்த்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"இப்போது கிடைத்திருக்கும் பலன் முன்கூட்டியே தெரிந்திருந்தால், இதே அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டிருப்பீர்களா? ஆம், இல்லை, சொல்லத் தெரியவில்லை."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். லாரி போய்விட்டது. கடைக்குள் யாரோ பெட்டியை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

"இல்லைன்னு எழுதுங்க."

எழுதினாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை குந்தி உக்காந்து செய்யறது. காலை இழுத்துக்கிட்டாவது இன்னும் ரெண்டு வருஷம் செஞ்சிருப்பேன். அது முட்டாள்தனம்னு தெரியும். ஆனா கேட்டீங்க, சொல்லிட்டேன். என்னைக் கூட்டிக்கிட்டு வந்தவங்க மேல கோபம் ஒண்ணும் இல்லை. அதை எழுத அங்க ஏதாவது கட்டம் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்போ விடுங்க. டீ ஆறிடும். வச்சிடறேன் மேடம்."

அவள் சேமித்தாள். ஆறாவது ஆளைக் கூப்பிட்டு, ஏழாவது ஆளையும் கூப்பிட்டு முடித்தாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று ஃபைல் அண்ணன் பின்னால் எல்லோரிடமும் சொன்னார். தன் குடையை மறந்துவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு போனாள் என்பதையும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மேஸ்திரி மேஜையருகே நின்று, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் மடித்தால் துண்டின் நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், அடுக்கு ஒரு நூல் பிசகாது. பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர் டம்ளர்.

"இன்னைக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லை. ஏழு பேர்."

"எல்லாரும் ஒழுங்கா பதில் சொன்னாங்களா?"

"ஆபீஸ் விஷயத்தை நான் வீட்டுல பேசறதில்லை."

"நல்ல பழக்கம். நான் வீட்டு விஷயத்தை ஆபீஸ்ல மட்டும்தான் பேசறது."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கைப்பையை மாட்டிவிட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்று, ஒரு விரிப்பின் இரண்டு மூலையை எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டு மூலை அவர் கையில். இருவரும் உதறினார்கள், சேர்த்தார்கள், அவர் நாலடி அவள் பக்கம் வந்து மூலைகளை அவள் கையில் கொடுத்தார். நோயாளி சொன்னதைப் பற்றி அவள் வாய் திறக்கக் கூடாது. தான் செய்ததைச் சொல்வதற்கு எந்த விதியும் தடையில்லை.

"அன்னைக்கு லிஃப்ட்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே."

அவர் அடுத்த துண்டை எடுத்தார்.

"குந்தி உக்காரலாமான்னு. உக்காரலாம்னு சொன்னேன். எனக்குத் தெரியாது. தெரியாம சொல்லிட்டேன். வேற யாரு கேட்டிருந்தாலும் தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். உங்ககிட்ட மட்டும் பொய் சொன்னேன்."

துண்டு மடிந்து அடுக்கில் உட்கார்ந்தது. அவர் உள்ளங்கையால் அதை ஒரு தடவை நீவிவிட்டார்.

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"எது?"

"உனக்குத் தெரியாதுங்கறது. ஆறே மாசம்னு சொன்ன பாரு, அப்பவே. நீ தெரிஞ்சு சொன்னா இவ்வளவு வேகமாச் சொல்ல மாட்டே."

அவள் கையிலிருந்த விரிப்பை மேஜையில் வைத்தாள். ஒரு வருஷமாக அவளை அரித்தது அவருக்கு ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போதே தெரிந்திருக்கிறது. அப்போது லிஃப்ட் இன்னும் வந்திருக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பார்கள்.

"தெரிஞ்சுமா போனீங்க?" என்றாள். "எதுக்குப் போனீங்க?"

மேஸ்திரி அவளைப் பார்த்தார். அன்றைக்குக் கை கழுவிக்கொண்டே "நீ சொன்னா சரி" என்றபோது பார்த்த அதே பார்வை. பிறகு, மடித்து முடித்த துணி அடுக்கை அடியில் கைகொடுத்து, மார்போடு அணைத்து எடுத்தார். மேலே டம்ளரை வைத்து, தாடையால் அதைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் மெல்லத் திரும்பி அறையை விட்டுப் போனார்.